இத்தா வீட்டில் வாங்கிய கையெழுத்து

மகன்,

உனக்கு என் ஸலாம். இந்தக் கடிதத்தை உன் மனைவிக்கு முன்னால் வாசிக்காதே என்று எழுதத்தான் முதலில் பேனையை எடுத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். கல்யாணம் முடித்து ஒன்றரை மாதம்தான் ஆகிறது. இதற்குள் அவளுக்கு மறைக்கிற சங்கதி ஒன்றை நானே உன் கையில் தருவானேன்? அவளும் வாசிக்கட்டும். மாமியார் எப்பேர்ப்பட்ட ஆள் என்று பிந்தித் தெரிவதிலும் முந்தித் தெரிவது நல்லது.

நேரில் சொல்லலாமே, சாய்ந்தமருதுக்கும் கல்முனைக்கும் என்ன தூரம் என்று நீ கேட்பாய். தூரம் ஒன்றும் இல்லை. நேரில் என்றால் நீ என்னைக் கதைக்க விடமாட்டாய். ஒரு வசனம் முடிவதற்குள் "விளங்குது உம்மா, விளங்குது" என்பாய். கட்டாரில் பத்து வருஷம் இருந்து நீ கொண்டுவந்தவற்றில் எனக்குப் பிடிக்காத ஒன்று அந்த "விளங்குது". கடிதத்துக்குக் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் என் மூத்தவள், உன் ராத்தாவின் மகளிடம் ஒரு கொப்பி வாங்கி, நாலு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நீங்கள் இரண்டு பேரும் வந்தீர்கள். உன் மனைவி ராத்தாவோடு முன்னறையில் கதைத்துக்கொண்டிருக்க, நீ குசினிக்குள் வந்து ஒரு பைலை மேசையில் வைத்தாய். இனிச் செய்யப்போகும் தொழிலைச் சொன்னாய். வீட்டைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை; விற்கிறவரோடு ஒரு விலைக்கு ஒப்பந்தம் எழுதிக்கொள்வது, அந்த ஒப்பந்தத்தைக் கூடின விலைக்கு இன்னொருவருக்குக் கைமாற்றுவது, இடையில் நிற்பது நமக்கு. "வீட்ட ஹோல்சேல்ல எடுக்கிற மாதிரித்தான் உம்மா" என்றாய். நெல்லை மொத்தமாக எடுப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். உன் வாப்பா சவளக்கடை வயல்பக்கம், களத்தில் நின்று எடுத்து லொறியில் ஏற்றினார். வீட்டை எப்படி மொத்தமாக எடுப்பது என்று கேட்டேன். நீ போனில் கோட் போட்ட ஒரு வெள்ளைக்காரன் கதைக்கிற வீடியோவைக் காட்டினாய். "இவர்ர ஊர்ல வீடு ஆர்ர?" என்று நான் கேட்டதும் நீ சிரித்துவிட்டாய். உம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று நினைத்திருப்பாய்.

அதன் பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னாய். ஜெஸீமா என்று ஒரு பிள்ளை, மூன்று பிள்ளைகளின் தாய், கணவன் மௌத்தாகி இரண்டு மாதம், இத்தா இருக்கிறாள். மேல்மாடி பாதியில் நிற்கும் அந்த வீட்டை அவள் விற்க யோசிக்கிறாள் என்று கேள்வி. உன்னிடம் ஒரு டாக்டர் நல்ல விலைக்கு ஆயத்தமாக நிற்கிறார்; அவளுக்கு அது தெரியாது. நாலு மாதமும் பத்து நாளும் முடியும்வரை அந்நிய ஆண்கள் அவளுக்கு முன்னால் போக முடியாது. "ஆம்புள நான் போக ஏலா. நீங்க ஒருக்காப் போய்க் கதைச்சு ஒப்பம் வாங்கித் தாங்க உம்மா. இத்தா முடியிறதுக்குள்ள வேற புரோக்கர் ஒருத்தனும் கிட்டப் போகமாட்டான், நமக்குத்தான் அது" என்றாய். அதோடு, ஆஸ்பத்திரி ஒழுங்கையில் வாடகைக்கு விட்டிருக்கும் நமது கூலி வீட்டை உன் பேருக்கு எழுதித் தந்தால் பாங்கில் வைத்து முதல் எடுக்கலாம் என்றும் கேட்டாய். அந்த வீடு உனக்குத்தான் என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வந்தவள் நான். இந்த இரண்டு கேள்விக்கும் என் பதில்தான் இந்தக் கடிதம்.

நான் "பாப்பம் மகன்" என்று மட்டும் சொன்னேன். நீ போன பிறகு அன்றைக்கு அந்தப் பைலைத் திறக்கவில்லை. திறந்து பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. அதற்குள் என்ன எழுதியிருக்கும் என்று எனக்கு மனப்பாடம்.

வெள்ளைக்காரன் ஊரில் வீடு யாருடையதோ, நம் கரையில் வீடு பெண்ணுடையது. பெண் பிள்ளை பிறந்தால் தாய் தகப்பன் கல்லு மண் சேர்க்கத் தொடங்குகிறார்கள். மாப்பிள்ளை ஒரு சூட்கேஸோடு வந்து இறங்குகிறான். நீயும் அப்படித்தான் போயிருக்கிறாய். சூட்கேஸ் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். வீட்டு உறுதிப் பத்திரத்தில் இருப்பது மனைவியின் பேர், அல்லது மாமியின் பேர். ஆனால் வீட்டு விஷயம் கதைக்க வருகிற தரகர்கள் எல்லாரும் முன்னறையில் கதிரையில் இருந்து ஆம்பிளைகளோடு கதைத்துவிட்டுப் போவார்கள். மூன்று மாதம் கதைத்து, உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போகிற அன்றைக்கு, குசினியிலிருந்து ஒரு குரல் வரும்: "நான் ஒப்பம் வைக்கமாட்டன்." இந்தத் தொழிலில் நீ முதலில் படிக்க வேண்டியது இதுதான். வீட்டைப் பார்க்கும் முன் உறுதியைப் பார். உறுதியில் உள்ள பேரைப் பார்த்தால், அந்தப் பேருக்குரியவளின் வாயால் கேள். அவள் சொல்லாததை அவளுடைய புருஷன் சொன்னால் நம்பாதே, மகன் சொன்னாலும் நம்பாதே.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று உனக்குப் பாதிதான் தெரியும். வாப்பா லொறியிலிருந்து விழுந்து முதுகு உடைந்து படுத்தபோது நீ ஒன்பதாம் வகுப்பு. ராத்தாவுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. என் உம்மா எனக்குத் தந்த வீட்டின் முன்னறையைப் பலகை அடித்துப் பிரித்து, மலையகத்திலிருந்து வந்த ஒரு டீச்சருக்கும் அவருடைய மனிசனுக்கும் கூலிக்குக் கொடுத்தேன். ஊர் சும்மா இருக்குமா? ஆம்பிளை படுத்திருக்க முன்வாசலை விற்றுவிட்டாள் என்று கதைத்தார்கள். நீயும் ஒரு மாதம் பின்வேலியால்தான் பள்ளிக்கூடம் போனாய், யாரும் பார்க்காமல். மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை.

கூலிக்கு விடுவதில் நான் செய்யாத பிழை இல்லை. ஒரே மீற்றரில் இரண்டு குடும்பத்துக்கும் கரண்ட் ஓட விட்டேன்; மாசாமாசம் அவர்களின் அயன்பொக்ஸும் எங்களின் பிறிஜ்ஜும் சண்டை பிடித்தன. நீ வீடு வாங்கிக் கூலிக்கு விட்டால் முதல் வேலையாக மீற்றரைப் பிரி. பேரம் பேச வெயில் காலத்தில் போகாதே, மாரியில் போ. எந்த மூலையில் தண்ணி நிற்கிறது, எந்தப் பக்கம் மலகூடக் குழி பொங்குகிறது என்று வீடே சொல்லும். கடலுக்குக் கிட்ட என்றால் மேல்தட்டைத் தாங்கும் கொங்கிறீட் வளையின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார். உப்புக்காற்றில் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கினால் மேல்பூச்சு மயிர் அளவுக்கு வெடித்திருக்கும். பெயின்ற் அடித்து மறைப்பார்கள். புதுப் பெயின்ற் மணத்தால் ஏமாறாதே. இன்னொன்று, கூலிக்கு இருப்பவர்களின் குசினிக்குள் கேட்காமல் போகாதே. என் வீடுதானே என்று நான் ஒரு நாள் போய் அந்த டீச்சரின் கறிச்சட்டியைத் திறந்து பார்த்துவிட்டேன். அவர் மூடியை வாங்கிச் சட்டியை மூடினார். அடுத்த மாதமே வேறு வீடு பார்த்துப் போய்விட்டார். போகும்போது கழுவித் துடைத்துத் தந்த அந்த அறையைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த அறைக்கு ஆள் தேடித் திரிந்ததில்தான் வீட்டு வியாபாரத்துக்குள் போனேன். சுனாமிக்குப் பிறகு கடலடியில் இருந்த சனம் எல்லாம் உள்ளுக்கு வர, நம் ஊரில் ஒரு பேர்ச் காணிக்கு அடிபிடி நடந்த காலம். யார் வீட்டில் கல்யாணம் வருகிறது, யார் விற்கப் போகிறார்கள், யாருக்கு அவசரம் என்று பெண்களுக்குத்தான் முதலில் தெரியும். தரகர்கள் முன்வாசலால் போனார்கள், நான் குசினி வாசலால் போனேன். இரண்டு வருஷத்தில் எட்டு ஒன்பது வீடு கைமாற்றிக் கொடுத்தேன். வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் என்னைத் தெரியும், விலை தெரியும், என் தரகு எவ்வளவு என்றும் தெரியும். அந்த வீடுகளைப் பற்றி எனக்கு இன்றைக்கும் நெஞ்சில் ஒரு பாரமும் இல்லை. உனக்கு நான் சொல்லாத பாதி, ஒரு வீட்டைப் பற்றியது.

மைமூன் ராத்தா மருதமுனையில் இருந்தார். பிள்ளை இல்லை. அவருடைய மனிசன் உடுக்கும் சாரம் மொத்த வியாபாரம் செய்தவர், திடீரென்று மௌத்தானார். வீடு ராத்தாவின் தாய் கொடுத்தது, உறுதியும் அவர் பேரில்தான். பெரிய வீடு, ரோட்டோடு அண்டின வளவு. அவர் இத்தாவுக்குப் போய் மூன்றாம் மாதம் நான் ஒரு ஹார்லிக்ஸ் போத்தலோடு பார்க்கப் போனேன். துக்கம் விசாரிக்கப் போன மாதிரித்தான் போனேன்; மனசில் வியாபாரம் இருந்தது. ஒரு புரோக்கரும் அந்தப் படலையைத் தாண்ட முடியாது என்று எனக்குத் தெரியும். போன வெள்ளிக்கிழமை நீ சொன்ன அதே கணக்கு, மகன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, எந்த வெள்ளைக்காரனும் கதைக்கவில்லை. நானாகவே கண்டுபிடித்தேன்.

ராத்தாவுக்குக் காசு தேவை, ஆனால் வீட்டை விட்டுப் போக மனமில்லை. "வித்துட்டு எங்க போற புள்ள? எனக்கு அந்தப் பின்னறை காணும். தொழுறத்துக்கு ஒரு இடமும் ஒரு அடுப்பும் இருந்தாக் காணும்" என்றார். நான் சொன்னேன், "நாந்தானே ராத்தா வாங்குறன். ஹயாத்து உள்ளவரைக்கும் பின்னறை உங்களுக்குத்தான். நான் கேப்பனா உங்கள வெளிய போங்க எண்டு?" சொல்லும்போது அது பொய் இல்லை. வாங்கத்தான் நினைத்தேன், முன்பக்கத்தை இரண்டு குடும்பத்துக்குக் கூலிக்கு விடலாம் என்று கணக்கும் போட்டேன். ஆனால் என் கையில் காசு இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால் ஒப்பந்தத்தில் ஒரு வசனம் சேர்க்கச் சொன்னேன். வாங்குபவர் இன்னார், அல்லது அவர் பேர் குறிக்கும் ஒருவர்.

நொத்தாரிசு முன்னறையில் இருந்தார், ராத்தா உள்ளறைத் திரைக்கு அந்தப் பக்கம். அவர் வாசித்தார், ராத்தா கேட்டுக்கொண்டிருந்தார், நான் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்றேன். வாசித்து முடிந்ததும் நான் கடதாசியை உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தேன். பேனையைப் பிடித்தவர் நிறுத்தி என்னைப் பார்த்தார். "ஆர் புள்ள அந்த ஒராள்?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் கேட்டது மாதிரியே நானும் மெதுவாகச் சொன்னேன்: "அது சும்மா எழுதுற வசனம் ராத்தா. சட்டத்துக்கு." அவர் கையெழுத்துப் போட்டார். என் ஆயுசில் நான் எத்தனையோ பொய் சொல்லியிருப்பேன், அதில் பெரும்பாலானவை எனக்கு ஞாபகமில்லை. இது சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது.

மூன்று கிழமையில் பசாரில் ஒரு புடைவைக் கடை முதலாளி வந்தார். நான் எழுதிய விலையிலும் அரைவாசி கூட்டித் தருவதாகச் சொன்னார், ஆனால் வீடு காலியாக வேண்டும் என்றார். நீ ஓ.எல். சோதனை எழுதிய வருஷம் அது. உன் ராத்தாவின் கல்யாணத்துக்கு நாள் வைத்தாயிற்று. வாப்பாவுக்குக் கொழும்பில் வைத்தியம். காரணம் சொல்ல வேண்டுமென்றால் ஒரு கொப்பி போதாது. உண்மை என்னவென்றால், அந்தத் தொகையைக் கேட்டவுடன் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முதலாளியின் பேரைக் குறித்துக் கொடுத்தேன். இத்தா முடிந்து ராத்தா குளித்து வெள்ளை உடுப்பு மாற்றி வெளியே வந்த இரண்டாம் நாள், நானே போய்ச் சொன்னேன், வீட்டை விட வேண்டும் என்று. கத்துவார், மண்ணள்ளித் திட்டுவார் என்று ஆயத்தமாகத்தான் போனேன். அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நீங்க பொம்புள எண்டுதானே புள்ள உள்ள உட்டன்" என்றார். அது வரைக்கும் என்னை நீ என்று கதைத்தவர், அன்றைக்கு நீங்க என்றார்.

அவர் நிந்தவூரில் தங்கச்சியின் மகள் றிஸ்மியா வீட்டுக்குப் போனார். அவருடைய வீட்டில் எனக்கு மிஞ்சிய காசோடு என் இரண்டு காப்பையும் விற்றுப் போட்டு ஆஸ்பத்திரி ஒழுங்கை வீட்டை வாங்கினேன். ஊர் என்னை மெச்சியது. உன் வாப்பா மட்டும் படுக்கையில் கிடந்து கேட்டார், "அவவுக்கு ஆரம்பத்திலேயே தெரியுமா, நீ வாங்கல்ல, விக்கப்போறாய் எண்டு?" நான் அவர்மேல் சீறி விழுந்தேன். "உங்கட முதுகுக்கு மருந்து எங்கால வாற எண்டு நினைக்கிறீங்க?" என்றேன். பாவம் மனிசன், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வீட்டுக் கூலியில்தான் நீ ஏ.எல். படித்தாய். அந்தக் கூலியைச் சேர்த்துத்தான் உனக்குக் கட்டாருக்கு டிக்கெட் எடுத்தேன். உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. சாப்பிட்ட பிள்ளைக்குச் சோறு எங்கிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்?

ஒரு தரம் நிந்தவூருக்குப் போனேன், மாப்புக் கேட்கத்தான். மைமூன் ராத்தா என்னை உட்காரவைத்து, தேத்தண்ணி தந்து, உன் படிப்பை விசாரித்து, வாப்பாவின் முதுகை விசாரித்து, வீட்டைத் தவிர எல்லாம் கதைத்தார். நான் வாயைத் திறக்கப் பார்க்கிற நேரமெல்லாம் வேறு கதை எடுத்தார். கேட்டால் தர வேண்டி வரும் என்று பயந்தார் போல. நானும் கேட்கவில்லை, எழும்பி வந்துவிட்டேன். அடுத்த வருஷம் அவர் மௌத்து. அல்லாஹ்வுக்குச் செய்த பிழையை அல்லாஹ்விடம் கேட்கலாம். மனிசருக்குச் செய்ததை அந்த மனிசர்தான் விட்டுத்தர வேண்டும் என்று நமக்குச் சின்னதிலேயே ஓதித் தந்திருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டுதான் இத்தனை வருஷமும் நான் அந்தக் கூலியை எண்ணி வாங்கினேன்.

போன வருஷம் உன் வாப்பா நம்மை விட்டுப் போனார். நீ மூன்று நாள் லீவில் வந்து போனாய். அதன் பிறகு நான் இருந்த இத்தாவைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது. போனில் "நல்லா இரிக்கன் மகன்" என்றுதான் சொல்வேன். வெளியே போக முடியாது என்பது ஒரு கஷ்டமே இல்லை. வருகிறவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் கஷ்டம். யார் வந்து கட்டிலில் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்தாலும் அவர் சொல்வதெல்லாம் சரியென்று படும். அந்த நாட்களில் யாராவது ஒரு பெண் வந்து, "இதுல ஒரு ஒப்பம் வைங்க மாமி" என்றிருந்தால், மகன், இந்த ஊரில் எத்தனையோ உறுதி பார்த்த நான், கண்ணாடியைக்கூடத் தேடாமல் வைத்திருப்பேன். அந்த நம்பிக்கையைத்தான் நான் மைமூன் ராத்தாவிடம் களவெடுத்தேன் என்று அந்தக் கட்டிலில் கிடக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. இத்தா முடிந்தவுடன் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தேன். முடிந்தது, உன் கல்யாணப் பேச்சு வந்தது, செய்யவில்லை. நல்ல காரியத்தைத் தள்ளிப்போட எனக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைக்கும்.

இந்த நிலையில்தான் நீ பைலோடு வந்து நின்றாய். ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஜெஸீமா வீட்டுக்குப் போனேன். நீ கேட்டபடி போகத்தான் போனேன், ஆனால் நீ கேட்டதைச் செய்யவில்லை. உன் பைலைத் திறந்து ஒப்பந்தத்தை அவளுக்கு வாசித்துக் காட்டி, என் மகன் வாங்க வரவில்லை, கைமாற்ற வந்திருக்கிறான் என்றேன். டாக்டர் எவ்வளவு தர ஆயத்தமாக இருக்கிறார் என்பதையும் சொன்னேன். அந்தப் பிள்ளை கடைக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"இதச் சொன்னா உங்கட மகனுக்கு நட்டம்தானே மாமி?"

"ஓம்."

"அப்ப என்னத்துக்குச் சொல்றீங்க?"

என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சொல்லாததை முன்பின் தெரியாத அவளிடம் சொன்னேன். அவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியவள் அங்கே இருந்து அழுதேன், மகன், வெட்கமில்லாமல். அவள் என்னைத் தேற்றவும் இல்லை, ஏசவும் இல்லை. கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்: "அவ மௌத்தானா என்ன மாமி, அவட ஆக்கள் இரிக்காங்கதானே?" வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் என்னோடு ஓட்டோவில் வந்தது.

உன் முதல் கேள்விக்குப் பதில் இது. ஜெஸீமா கையெழுத்து வைக்கவில்லை. இத்தா முடிந்ததும் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு உன்னோடு நேரே கதைப்பதாகச் சொன்னாள். டாக்டருக்கு நேரடியாக விற்றால் உனக்கு உரிய தரகைத் தருவாளாம். அதற்குள் டாக்டர் வேறு வீடு பார்த்தால் பார்க்கட்டும். நீ இந்தத் தொழிலைச் செய், மகன். செய்யாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. சனத்துக்கு வீடு வேண்டும், வீட்டைச் சேர்த்துவைக்க ஒரு ஆளும் வேண்டும். ஆனால் தரகன் என்றால் தரகன் என்று சொல்லிக்கொண்டு போ. வாங்க வந்த ஆள் மாதிரிப் போகாதே. நம் கையில் இல்லாததை விற்கக்கூடாது என்று மார்க்கம் சொல்வதை, வியாபாரிகளுக்கு மட்டும் சொன்ன சங்கதி என்றுதான் நானும் ஒரு காலம் நினைத்திருந்தேன். கூலி வீடு வாங்கினால் ஒன்று வாங்கு, உன் காசில் வாங்கு, அதில் இருக்கிறவர்கள் கேட்பதற்கு முன்னால் உடைந்த கூரை ஓடுகளை மாற்று. மெதுவாகத்தான் வளரும். அப்படி வளர்ந்ததுதான் தங்கும்.

இரண்டாவது கேள்விக்கும் பதில் இருக்கிறது, அதை எழுதத்தான் எனக்கு நாலு நாள் எடுத்தது. ஆஸ்பத்திரி ஒழுங்கை வீட்டை உனக்குத் தர மாட்டேன். அதை றிஸ்மியாவின் பேருக்கு எழுதப் போகிறேன். மைமூன் ராத்தாவைக் கடைசி வரைக்கும் பார்த்தவள் அவள்தான். அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், சொந்த வீடு இல்லை. என் காப்பும் அதில் இருக்கிறது, பாதி எனக்கு நியாயம்தான் என்று ஒரு நாள் முழுக்க எனக்குள்ளேயே வாதாடினேன். நான் அந்த மனிசியிடம் பறித்தது ஒரு பின்னறையை. அதற்கு எதைப் பாதி, எதை முழுசு என்று அளப்பது? திங்கட்கிழமை நிந்தவூருக்குப் போய்ச் சொன்னேன். றிஸ்மியா முதலில் நம்பவில்லை. பிறகு, "பெரியம்மா உங்களப் பத்தி ஒரு நாளும் கதைச்சதில்லையே" என்றாள். அது மாப்பா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. இனி இந்த உலகத்தில் தெரியவும் போவதில்லை.

உனக்குச் சவளக்கடையில் வாப்பாவின் இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. அது சுத்தமான மண். ஆனாலும் நான் உனக்குத் தருகிறேன் என்று சொன்ன ஒன்றைத் திருப்பி எடுக்கிறேன், அது எனக்குத் தெரியும். கூடப்பிறந்த ராத்தாவுக்கு வீடு கொடுத்தீங்க, எனக்கு இருந்ததை யாருக்கோ கொடுத்தீங்க என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும், நியாயம்தான். உன் மனைவி வீட்டில் உன் மதிப்புக் குறையுமே என்றும் நீ யோசிப்பாய். குறைந்தால் கொஞ்ச நாள் பொறு. என் பிள்ளை, என்னால் நீ வெட்கப்படுவது இது இரண்டாம் தரம். முதல் தரம் நீ பின்வேலியால் போனபோது நான் பார்த்தும் பாராத மாதிரி இருந்தேன். இந்தத் தரம் சொல்லிவிட்டுச் செய்கிறேன்.

வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நொத்தாரிசின் கந்தோரில் நன்கொடை உறுதி எழுதுகிறோம். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உன் பெரிய மாமா. என்னை ஏசிக்கொண்டே சம்மதித்திருக்கிறார். மற்றவருக்கு ஒழுங்கையில் யாரையும் பிடிக்கலாம், ஆனால் நான் யாரிடமும் கேட்கவில்லை. வயது போன மனிசியை யாரோ ஏமாற்றி எழுதி எடுத்தார்கள் என்று நாளைக்கு ஊர் கதைக்கும். இல்லை, எங்கள் உம்மா தெரிந்துதான் கொடுத்தா, ஏன் கொடுத்தா என்றும் எனக்குத் தெரியும் என்று சொல்ல, என் வயிற்றில் பிறந்த ஒருவன் அந்தக் கடதாசியில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். உனக்கு வருகிற வீடு போவதற்கு உன் கையாலேயே ஒப்பம் கேட்கிறேன். எந்தத் தாயும் கேட்கக்கூடாத கேள்வி. ஆனாலும் உன்னிடம்தான் கேட்கிறேன்.

வராவிட்டால் உன்னைக் கோபிக்கமாட்டேன். போன் எடுத்துக் கேட்கவும் மாட்டேன். நொத்தாரிசுக்குப் பதினொரு மணிக்கு வேறு வேலை இருக்கிறதாம். அதுவரைக்கும் அந்த இரண்டாவது இடத்தை யாருக்கும் கொடுக்காமல், வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

உன் உம்மா